முப்பத்திரண்டு தலை அதிகம்

அவள் பேருந்தில் ஏறினாலே பாதிப் பேர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். இருபத்தாறு வருடமாக டிக்கெட் பரிசோதகர் வேலை. பணிமனையில் எல்லோரும் 'செக்கர்' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் குடும்பத்திலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. முன்வாசலில் ஏறிப் பின்வாசலுக்கு வருவதற்குள் எத்தனை தலை, எத்தனை டிக்கெட் என்று அவள் மனம் தானாகவே கூட்டிவிடும். தூங்குவதுபோல் நடிப்பவனின் இமை எப்படித் துடிக்கும், வாங்காத டிக்கெட்டைத் தேடுகிறவன் எந்தப் பையில் முதலில் கையை விடுவான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

கேக் செய்யும் பழக்கம் பிற்பாடு வந்தது. எட்டு வருடத்துக்கு முன் பேருந்துப் படியில் வழுக்கி விழுந்து, காலில் கட்டுப் போட்டுக்கொண்டு மூன்று மாதம் வீட்டில் கிடந்தாள். பொழுது போகாமல் கேக் சுடும் ஓவன் ஒன்று வாங்கினாள். முதல் நான்கு கேக்கும் செங்கல்லாக வந்தன. ஐந்தாவது பொங்கியது. மாவு, சர்க்கரை, வெண்ணெய் எல்லாம் தராசில் வைத்தால் உள்ளதைச் சொல்லிவிடும் என்பதுதான் அந்த வேலையில் அவளுக்குப் பிடித்த விஷயம். மனிதர்களைப்போல் மழுப்பாது.

அம்மா அப்பாவின் ஐம்பதாவது திருமண நாளுக்குத் தம்பி ஒரு ஹாலை வாடகைக்குப் பிடித்தான். கேக் செக்கர் கையால்தான் என்று முடிவானது. தம்பி மனைவி போன் செய்தாள்.

"எண்பது பேருக்குப் போட்டாப் போதும் அண்ணி."

"எண்பதா, எண்பது எண்பத்தஞ்சா?"

"எண்பதுதான். கொஞ்சம் சின்னதா இருந்தாலும் பரவாயில்ல. யாரு அளந்து பாக்கப் போறா?"

கடைசி வாக்கியம் செக்கருக்கு உறுத்தியது. சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை என்று அவளிடம் யாரும் இதுவரை சொன்னதில்லை. அதுவும் தம்பி மனைவி, விருந்தென்றால் பத்துப் பேருக்கு இருபது பேர் சாப்பாடு வைக்கிற ஆள்.

ஆனாலும் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டாள். அவளுடைய ஓவனுக்குள் பத்துக்குப் பன்னிரண்டு அங்குலத் தட்டுதான் நுழையும். ஆளுக்கு இரண்டுக்கு இரண்டு அங்குலத் துண்டு என்றால் ஒரு தட்டுக்கு முப்பது. மூன்று தட்டு தொண்ணூறு. பத்துத் துண்டு கையிருப்பு. மூன்றையும் ஒட்டி வைத்து மேலே கிரீம் பூசினால் முப்பதுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் ஒரே நீள கேக். தட்டுக்கு எட்டு முட்டை வீதம் இருபத்து நாலு. கணக்கு கச்சிதமாக உட்கார்ந்தது. மனசுதான் உட்காரவில்லை.

மறுநாள் டூட்டி முடிந்ததும் டேப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஹாலுக்குப் போனாள். கேக் வைக்கும் மேசையை அளக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதற்காக மட்டும் போகவில்லை. ஹால் பொறுப்பாளர் சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டே கதவைத் திறந்தார்.

"மேசைய எங்க போடுவீங்க?" என்று கேட்டாள்.

"அந்த மூலையிலதான் மேடம். நடுவுல இடம் இல்ல. நாற்காலி நூத்திப் பன்னெண்டு கேட்டிருக்காங்களே."

செக்கர் டேப்பை மெல்லச் சுருட்டினாள். கேக் எண்பது பேருக்கு. நாற்காலி நூற்றுப் பன்னிரண்டு. முப்பத்திரண்டு தலை அதிகம்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த முப்பத்திரண்டு பேர் அவள் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தார்கள். கூட்டத்துக்கு நடுவில் கேக் பற்றாமல் போய்த் தன் மானம் கப்பலேற வேண்டுமென்று யாரோ திட்டம் போடுகிறார்களா? போன வருடம் தம்பி மனைவியின் தங்கை செய்த கேக்கை "உள்ள வேகல" என்று சபையில் தான் சொன்னது அவள் நினைவுக்கு வந்தது. அதற்குப் பழிவாங்கலோ?

தம்பிக்குப் போன் போட்டாள்.

"மொத்தம் எத்தனை பேருடா?"

"அவகிட்ட கேளுக்கா. எனக்கு எங்க தெரியும்?"

செக்கர் பதில் பேசவில்லை. கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா நிற்பது அவள் தொழில் உத்தி. வெறும் மௌனத்துக்கே எத்தனையோ பேர் தானாக எழுந்து நின்றிருக்கிறார்கள். தம்பி இரண்டு முறை இருமினான்.

"எதுக்கும் பேக்கரியிலயும் ரெண்டு கேக்..." என்று தொடங்கி, "சரிக்கா, அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று வைத்துவிட்டான். அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்க்காதவன் பால் வைத்திருக்கிறானாம்.

அன்று மாலையே தம்பி வீட்டு வாசலில் நின்றாள். தம்பி மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் மடித்த துணியையே மறுபடி பிரித்து மடிக்கத் தொடங்கினாள். அவளுக்கும் தெரியும் போலிருக்கிறது என்று செக்கர் குறித்துக்கொண்டாள்.

"யாரு அந்த முப்பத்திரண்டு பேரு?"

தம்பி மனைவியின் கத்தி நின்றது. "நாற்காலி சும்மா கூடுதலாத்தான்..."

"பேக்கரி கேக்கும் சும்மாவா?"

வெங்காயத்தாலோ வேறெதனாலோ தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெரியண்ணி வர்றாங்க. அவங்க வீட்டு ஆளுங்க எல்லாரும் வர்றாங்க. சொன்னா நீங்க வரமாட்டீங்க, கேக்கும் வராதுன்னு அத்தை பயந்தாங்க."

பெரியண்ணி என்றால் செக்கரின் கூடப்பிறந்த அக்கா. பேச்சுவார்த்தை நின்று பதினோரு வருடம் ஆகிறது. அன்று கூட்டமான ஒரு பேருந்தில் அக்காவும் அத்தானும் உட்கார்ந்திருந்தார்கள். அத்தான் கையில் டிக்கெட் இல்லை. வாங்கினேன், ஜன்னல் காற்றில் பறந்துவிட்டது என்றார். அதே கதையை அந்த வாரத்தில் மட்டும் ஆறு பேர் சொல்லியிருந்தார்கள். சொந்தமென்று விட்டால் நாளைக்கு நாலு பேர் நாக்கின்மேல் பல்லைப் போட்டுப் பேசுவார்கள் என்று செக்கர் எல்லோருக்கும் முன்னால் அபராதச் சீட்டு எழுதி நீட்டினாள். அடுத்த நிறுத்தத்தில் அத்தானோடு இறங்கிய அக்கா அதன்பிறகு தங்கை இருக்கும் இடத்துக்கே வரவில்லை. அம்மாவைப் பார்க்கக்கூட இருவரும் வேறு வேறு நாளில் வந்து போனார்கள்.

"அத்தான் வீட்டுக் கும்பல் எப்பவும் பஸ் நிறையத்தான் வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செக்கர் கிளம்பினாள்.

வரவழைத்து அவமானப்படுத்தப் பார்க்கிறாளா அக்கா என்று இரண்டு நாள் யோசித்தாள். மூன்று தட்டோடு நிறுத்திவிடலாம், சொன்ன கணக்குக்குச் செய்தேன் என்றால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மூன்றாம் நாள் காலை, விடுப்பு எடுத்துக்கொண்டு மாவைச் சலிக்கும்போது, வரிசைக் கடைசியில் காலித் தட்டோடு நிற்கிறவர்களின் முகம் கண்முன் வந்தது. பேருந்தில் மாட்டிக்கொண்டவர்களின் முகம் அவளுக்கு மனப்பாடம். இதுவும் அப்படித்தான் இருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு தம்பி மனைவிக்குப் போன் செய்தாள்.

"பேக்கரில வேண்டாம்னு சொல்லிடு. நான் நாலு தட்டாப் போடறேன். நூத்தி இருபது துண்டு வரும்."

நான்கு தட்டையும் இரண்டுக்கு இரண்டாகச் சேர்த்தால் இருபதுக்கு இருபத்து நாலு அங்குலம். மேசையில் இடம் இருந்தது. பலகையோடு தூக்கினால் தம்பியின் கார்க் கதவுக்குள் நுழையாது என்று டேப் சொன்னது. ஆகவே நான்கையும் தனித்தனியாகக் கொண்டுபோய், ஹாலில் வைத்து ஒட்டி, கிரீம் பூசினாள்.

விருந்தன்று கத்தியை வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. ஒருவர் தாராளமாக வெட்டினால் கணக்கு கந்தலாகிவிடும். அம்மாவும் அப்பாவும் முதல் துண்டை வெட்டியதும், ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து மற்றதை அவளே வெட்டி நீட்டினாள். வரிசையில் அக்கா வந்தாள். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. தட்டை வாங்கிக்கொண்டு தன் நாற்காலிக்குப் போனாள். சாப்பிடுகிறாளா, நாற்காலிக்கடியில் வைத்துவிட்டுப் போகிறாளா என்று செக்கர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். அக்கா மெதுவாக, பொடியைக்கூட விடாமல் சாப்பிட்டாள். மரியாதைக்குச் சாப்பிடுகிறாளோ என்று அதற்கும் ஒரு சந்தேகம் வந்தது.

கூட்டம் கலையும்போது அக்கா மேசைக்கு வந்தாள்.

"முட்டை எத்தனை?"

"தட்டுக்கு எட்டு."

"அதான் லேசா இருக்கு." மிச்சத் துண்டுகளை எண்ணிப் பார்த்தாள். "அன்னைக்கு அவர் டிக்கெட் வாங்கினாரு. நான் பாத்தேன்."

செக்கர் அவள் முகத்தையே பார்த்தாள். உண்மையா பொய்யா என்று இருபத்தாறு வருட அனுபவத்தால் சொல்ல முடியவில்லை. அக்கா முகத்தில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவின் சாயல்தான்.

"நான் குனிஞ்சு சீட்டுக்கடியில தேடிப் பாத்திருக்கணும்" என்றாள். "பாக்கல. தப்புதான்."

அக்கா தலையை ஆட்டினாள். மன்னித்ததாகச் சொல்லவில்லை. மிச்சமிருந்த மூன்று துண்டையும் காகிதத்தில் சுற்றித் தரச் சொன்னாள். அத்தானுக்கு முட்டியில் வலி, ஹால் இருக்கும் மாடிக்கு ஏற முடியாமல் வீட்டிலேயே இருக்கிறாராம்.

அடுத்த வாரம் அக்காவிடமிருந்து போன் வந்தது. பேத்தி பள்ளி முடிக்கிறாள், இருபது பேருக்கு எந்த அளவு டின் வேண்டும் என்று கேட்டாள். கால்மணி நேரம் டின்னைப் பற்றி மட்டுமே பேசினார்கள். வைப்பதற்கு முன் அக்கா, "நேர்ல வந்து காட்டினா புரியும்" என்றாள்.

செக்கர் வார விடுமுறையன்று போனாள். அத்தான்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். ஒரு நிமிடம் அவளை உற்றுப் பார்த்தார்.

"செருப்ப உள்ளயே விட்டுடும்மா," என்றார். "வெளிய விட்டா நாய் தூக்கிட்டுப் போயிடும்."