நாட்டுப் பேரைக் காப்பாற்றியவள்

அந்தச் சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் இஸ்திரி அக்கா. ஓட்டல்களிலிருந்து வண்டி வண்டியாக வரும் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிப்பது அவள் வேலை. பிழைப்புக்காகக் கடல் தாண்டி வந்த புதிதில், இவள் நாட்டுக்காரர்களுக்கு அலுப்பே தெரியாது, எந்நேரமும் சிரித்த முகம் என்று முதலாளியம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து இடுப்பு ஒடிந்தாலும் சிரிப்பை இறக்கவில்லை. தனக்கு மட்டும் கிடைத்த பாராட்டென்றால் ஒருநாள் முகம் சுளித்திருப்பாள். நாட்டுக்கே கிடைத்ததை எப்படிக் கெடுப்பது?

அந்தப் பேரைச் சொல்லியே தம்பிக்கும் அங்கே வேலை வாங்கினாள். அவனோ கல்யாண வீட்டிலும் துக்கம் விசாரிக்க வந்தவன் போல நிற்கிற ஆள். வேலை சுத்தம், ஆனால் நிதானம். சின்ன வயதிலிருந்தே இளைப்பு வேறு. துணி உலர்த்தும் அறையின் புழுக்கம் தாங்காமல் அடிக்கடி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். முதலாளியம்மா கோபப்படவில்லை. நீ நிஜமாகவே இவள் நாட்டுக்காரன்தானா என்று கேட்டுச் சிரித்தாள். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்.

சாப்பாட்டு இடைவேளையில் அக்கா அவனைத் தனியே கூப்பிட்டாள்.

"நம்ம பேரையே கெடுக்கறியேடா. கொஞ்சம் சிரிச்சா குறைஞ்சா போயிடுவே?"

"மூச்சு வாங்குதுக்கா."

"வாங்கினா பின்பக்கம் போய் நில்லு. அந்தம்மா கண்ணுல படாதே."

அதன்பிறகு அவன் உட்கார்ந்ததை யாரும் பார்க்கவில்லை. ஒருநாள் சோப்புப் பீப்பாய்கள் அடுக்கிய பின்வாசலில் மயங்கிக் கிடந்தவனை வண்டி ஓட்டுநர்தான் தூக்கி வந்தார். முன்னாலேயே காட்டியிருந்தால் நுரையீரல் இவ்வளவு கெட்டிருக்காது என்றார் மருத்துவர். கொஞ்சம் தேறியதும் தம்பி ஊர் திரும்பினான். விமான நிலையத்தில் அவன் பெட்டியை அவள்தான் தூக்கினாள்.

வருஷங்கள் ஓடின. அக்காவின் மணிக்கட்டு வீங்கத் தொடங்கியது. கை முன்போல ஓடவில்லை. வேறொரு நாட்டுப் பெண்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்தார்கள். வந்திருந்த ஓட்டல்காரரிடம் முதலாளியம்மா அவர்களைக் காட்டி, அலுப்பே தெரியாதவர்கள் என்றாள். இஸ்திரி அக்காவின் ஆட்கள் இப்போது முன்னைப் போல இல்லை என்றும் சேர்த்துக்கொண்டாள். அக்கா தலை நிமிராமல் விரிப்பை நீவிக்கொண்டிருந்தாள். இதற்காகவா அவனைப் பின்வாசலுக்கு விரட்டினோம் என்று நினைத்தாள்.

அந்த வருஷம் விடுப்பில் போனபோது, தம்பியிடம் மன்னிப்புக் கேட்டுவிடுவதென்றே போனாள். அவன் ஒரு பள்ளிக்கூட வாசலில் காவல் வேலை பார்த்தான். நாலடி நடந்தால் நின்று மூச்சு விட்டான். அக்காவைப் பார்த்ததும் எதிர் டீக்கடைக்கு அழைத்துப்போய், "எங்க அக்கா. உழைப்புன்னா இவங்ககிட்டதான் கத்துக்கணும்" என்று கடைக்காரரிடம் சொன்னான். குத்தலாக இல்லை, மனதாரத்தான் சொன்னான்.

மிச்சமிருந்த விடுப்பில் அக்கா அவன் வீட்டுக்கு ஒட்டடை அடித்தாள், ஒழுகிய கூரையைச் சரிசெய்ய ஆள் பிடித்தாள், போர்வைகளைத் துவைத்துக் காயப்போட்டாள். கேட்க வந்ததை மட்டும் கேட்கவில்லை.