மீன்கடையின் கடைசி ஆள்

கசில்டா பெரெங்கெருக்குக் கோபம் வந்தால் கையிலிருக்கும் சுண்ணக்கட்டி உடையும். ஸ்பெயினின் முர்சியாக் கடலோரத்தில் உள்ள அந்தச் சிறுநகரத்தின் வயதுவந்தோர் பள்ளியில், தக்காளிப் பண்ணைகளுக்கு வேலைக்கு வந்த வெளிநாட்டவர்க்கு ஸ்பானிய மொழி கற்பிப்பது அவள் பணி. மேல்நிலைப் பள்ளி ஆசிரியராவதற்கான அரசுத் தேர்வில் இருமுறை தோற்ற பிறகு கிடைத்த வேலை இது. தோற்ற கோபம் அவளுக்கு ஆறவே இல்லை. அந்தச் சூட்டிலேயே கற்பித்தாள்.

பலகையில் மூன்று கட்டங்கள் வரைவாள்: யார், என்ன செய்கிறார், எதை. வினைச்சொல்லின் வாலே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும், ஆகவே முதல் கட்டத்தைப் பெரும்பாலும் காலியாக விடலாம் என்பாள். ஸ்பானிய மொழியில் ஆப்பிள் முன்னால் வரும், சிவப்பு பின்னால் வரும். ஆப்பிள் பெண்பால் என்பதால் சிவப்பும் பெண்பாலாக மாற வேண்டும். இவற்றிலெல்லாம் தவறு செய்தால் பொறுப்பாள். யாராவது ஒற்றைச் சொல்லை வீசிவிட்டு நின்றால் மட்டும் பொறுக்கமாட்டாள்.

"தண்ணியா? தண்ணிக்கு என்னய்யா ஆச்சு? செத்துப்போச்சா, ஓடிப்போச்சா? முழுசா சொல்லு!"

அவளிடம் முழுதாகச் சொல்லக் கற்றவர்களுள் முதல்வன் செனகலிலிருந்து வந்த சாலியு. ஜூன் மாதம் அவனுக்கு மொழித் தேர்வு. அதில் தேறினால்தான் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியும். தேர்வில் ஒரு பகுதி, எதிரில் அமர்ந்திருப்பவரோடு பேசிக் காட்டுவது. அந்தச் சாலியு மே மாத நடுவில் வகுப்புக்கு வருவதை நிறுத்திக்கொண்டான்.

கசில்டா அவன் தங்கியிருந்த அறைக்கே போய்க் கதவைத் தட்டினாள். அவன் கதவைப் பாதிதான் திறந்தான்.

"இனிமே உங்க மொழியில வாயத் தொறக்கப் போறதில்ல, டீச்சர். தக்காளி பறிக்க மொழி எதுக்கு?"

"தொறந்த வாயாலதானே இதையும் சொல்ற? என்ன நடந்துச்சுன்னு சொல்லு."

சனிக்கிழமை சந்தைக் கட்டடத்தில் கினேஸின் மீன்கடைக்குப் போயிருக்கிறான். கடை முன்னால் பெண்கள் கும்பலாக நின்றிருக்கிறார்கள். வரிசை என்று எதுவும் தெரியவில்லை. தன் முறை வரட்டும் என்று மரியாதையாக ஒதுங்கி நின்றான். பின்னால் வந்தவர்களெல்லாம் வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் பொறுக்கமுடியாமல், "எனக்கு ஒரு கிலோ மத்தி மீன் வேண்டும், ஐயா" என்று பாடப்புத்தகத்தில் உள்ளபடியே கேட்டான். நடுவில் புகுகிறான் என்று பெண்கள் கத்தினார்கள். பூவென்சாந்தா என்பவள், "பாருடி, பிரசங்கம் பண்ற மாதிரி பேசிக்கிட்டே முந்துறான்!" என்றாள். கடையே சிரித்தது.

கசில்டாவுக்கு முகம் சிவந்தது. பூவென்சாந்தா அவள் எதிர்வீட்டுக்காரி. மாடிப்படி இறங்குவதற்குள் அவளுக்கான வசவுகளெல்லாம் தயாராகிவிட்டன. ஆனால் தெருவுக்கு வந்ததும் கால் நின்றது. அந்த ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் நுழையும்போதே "கடைசி ஆள்?" என்று குரல் கொடுக்க வேண்டும். யாராவது கை தூக்குவார்கள். அவருக்கு அடுத்தது நாம். அதன்பின் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், உட்காரலாம், ஊர்க்கதை பேசலாம். கேட்காதவன் அங்கே இருந்தும் இல்லாதவன். பேச்சு வந்த நாள் முதல் அவளும் அப்படித்தான் கேட்டுவந்தாள். ஒருநாள்கூட அதைப் பலகையில் எழுதியதில்லை. சிவப்பு ஆப்பிளை மட்டும் எத்தனை முறை எழுதியிருப்பாள்!

மறுநாள் கினேஸ் பனிக்கட்டி உடைத்துக்கொண்டிருக்கும்போது போய் நின்று, சாலியுவை ஏன் நிற்கவைத்தாய் என்று கேட்டாள்.

"அவன் கேட்டிருக்கணும்ல, கசில்டா?"

"கேக்கணும்னு யாருடா சொன்னது அவனுக்கு? உன் மீனா?"

"நீதானே டீச்சரு?"

அவள் மேடை மேலிருந்த எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்துக் கீழே அறைந்துவிட்டு வந்தாள்.

அந்த வாரம் முழுவதும் வகுப்பில் ஆப்பிள் இல்லை. மேசையைக் கடையாக்கி, நாற்காலிகளைக் கலைத்துப்போட்டு, ஒவ்வொருவரையும் கதவு வழியாக உள்ளே வரச்செய்தாள். "இன்னும் சத்தமா! அவங்க காது மீன் செதிலால அடைஞ்சு கெடக்கு!" சனிக்கிழமை காலை, சந்தை திறந்ததுமே வகுப்பு முழுவதையும் அழைத்துக்கொண்டு கினேஸின் கடைக்குப் போனாள். "நீ பேசவேணாம், வந்து நில்லு" என்று சாலியுவையும் இழுத்துவந்திருந்தாள்.

ஒவ்வொருவரும் "கடைசி ஆள்?" என்று கேட்க, முன்னவர் கை தூக்க, கடை நிறைந்தது. எல்லோருக்கும் பின்னால் சாலியு. அவனும் கேட்டான், உதட்டுக்குள்ளேயே. கை உயர்ந்தது.

அப்போதுதான் பூவென்சாந்தா வந்தாள். யாரையும் கேட்கவில்லை. எப்போதும்போல நேராக மேடைக்குப் போய், "கினேஸு, கணவாய் நல்லாருக்கா?" என்றாள்.

வகுப்பு முழுவதும் கசில்டாவைப் பார்த்தது. அவள் வாயைத் திறந்தாள். வாரம் முழுவதும் சேர்த்துவைத்த வசவு தொண்டைவரை வந்தது. சாலியுவின் தாடை இறுகியிருப்பதைக் கண்டதும் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அம்மா," என்றான் சாலியு. குரல் நடுங்கியது, அச்சத்தால் அன்று. "கடைசி ஆள் நான். நீங்க எனக்கு அப்புறம்."

"யாருகிட்டடா சட்டம் பேசுற? நான் பொறந்ததுலேருந்து இங்க மீன் வாங்குறேன்!"

"அப்படின்னா உங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கணும். கேட்டுட்டு நில்லுங்க."

கினேஸ் கத்தியைத் துணியில் துடைத்தான். "அவர்தான் கடைசி, பூவென்சாந்தா. கேக்காம வந்தவளுக்குக் கணவாய் இல்ல."

அவள் தன் சக்கரக் கூடையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் போய் நின்றாள். காய்கறிக்கடையிலிருந்துகூட எட்டிப் பார்த்தார்கள். சாலியுவின் முறை வந்தது. "மத்தி. ஒரு கிலோ" என்றான். முழு வாக்கியம் அன்று. கசில்டா திருத்தவில்லை.

திங்கட்கிழமை அவன் முதல் பெஞ்சில் அமர்ந்திருந்தான். முகம் தெளியவில்லை.

"எனக்குக் கோபம் இன்னும் போகல, டீச்சர்."

"போகவேணாம். எனக்கும் போகல. எந்திரிச்சு நின்னு சொல்லு, யார் மேல, எதுக்குன்னு."

அவன் எழுந்து நின்றான். நெடுநேரம் சொன்னான். ஓரிடத்தில் வினையின் வால் தவறியது, அவள் திருத்தினாள். அந்த வாக்கியத்தை அவன் மீண்டும் சொன்னான், முன்னைவிட உரக்க.