ஜமீலாவுக்குத் தெலுங்கு தெரியாது

போன வாரம் ஒரு காலையில் சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் ஜமீலாவின் பெயர். "என்ன புள்ள, இத்தனை வெள்ளென?" என்றேன். மறுமுனையில் பேசியது அவளுடைய தங்கை. "அக்கா போயிட்டாங்கக்கா" என்றாள். தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது. எதிலும் சத்தம் போடாத ஜமீலா இதிலும் போடவில்லை. எனக்குத்தான் அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றவில்லை.

நம் வகுப்புத் தோழிகளுக்கு அவளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் அலுவலகப் பயிற்சிக்கான பட்டயம் படித்தோம். டைப்ரைட்டிங், பைல் வைக்கும் முறை, கொஞ்சம் கம்ப்யூட்டர். அதோடு எங்கள் வருடத்தில்தான் மெஷின் சுருக்கெழுத்து புதிதாக வந்தது. யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கல்லூரிக்குச் சோதனைக்காகக் கொடுத்த சின்ன மெஷின்கள். விசைகளில் எழுத்தே இருக்காது. நாலைந்து விசைகளை ஒன்றாக அமுக்கினால் ஒரு ஒலி. சத்தமே இல்லாமல் காகித நாடா மடிந்து மடிந்து பின்னால் விழும். கை சுருக்கெழுத்தா, மெஷினா என்று கேட்டபோது நாங்கள் எட்டுப் பேர் பந்தாவாக மெஷின் என்று கையைத் தூக்கினோம்.

எங்கள் மிஸ்ஸுக்கு ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமைகளில் டிரான்சிஸ்டரைத் திருகி இந்தியோ கன்னடமோ எது கிடைத்தாலும் வைத்துவிடுவார். புரியாத மொழியை ஒலியாக எழுத வேண்டும், பிறகு அதே ஒலியாக வாசித்துக் காட்ட வேண்டும். பொருள் புரிந்தால் மனசு திருத்தப் பார்க்கும், கை காதின் பேச்சைத்தான் கேட்க வேண்டும் என்பார். நான் வாசித்தால் சிரிப்பு வரும். ஜமீலா வாசித்தால் ரேடியோவே பேசுவதுபோல் இருக்கும். போத்தனூர் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் அவள் வீடு; அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பாவுக்கு அங்கேயே தையல்கடை. ரயில் அறிவிப்புகளைக் கேட்டுக்கேட்டு விரல் பழகிவிட்டது என்று சொல்வாள்.

பஸ்ஸில் போகும்போதும் அந்த விரல்கள் சும்மா இருக்காது. முன் சீட்டில் இரண்டு பேர் மாமியாரைத் திட்டிக்கொண்டு வந்தால், அது அவள் மடிமேல் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும். என்னடி சொன்னார்கள் என்று நான் நச்சரித்தால் சொல்ல மாட்டாள். "காதுல உழுந்ததையெல்லாம் எழுதோணும் புள்ள. எழுதினதையெல்லாம் வாசிச்சுக் காட்டோணும்னு இல்ல" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் கேட்ட செய்தியை வாசல் தாண்டுவதற்குள் ஊருக்குச் சொல்கிறவள்.

எங்கள் வீடு சரவணம்பட்டியில். வீட்டுக்குள் தெலுங்குதான் பேசுவோம். கல்லூரி விட்டு அவள் அடிக்கடி என்னோடு வருவாள். அவளுக்குத் தெலுங்கு தெரியாது என்பதால் நாங்கள் தாராளமாகப் பேசிக்கொள்வோம், அவள் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். காபி குடித்ததும் தன் டம்ளரைத் தானே கழுவி, புறக்கடைக் குழாய்த் திட்டின்மேல் தனியாகக் கவிழ்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். என்ன நறுவிசான பெண், நீயும் இருக்கிறாயே என்று அம்மாவிடம் எனக்கு ஏச்சு விழும்.

இரண்டாம் வருடப் பொங்கலுக்கு முன்னால் நிர்வாகத்தினர் மெஷினைப் பார்க்க வந்தார்கள். தலைவர் மில் முதலாளி, வீட்டில் எங்களைப் போலத் தெலுங்கு பேசுகிறவர். செயலாளர் அவருடைய மச்சான். பிரின்சிபால் அறையில் ஜமீலா மெஷின்முன் உட்கார, நாங்கள் சுவரோரமாக நின்றோம். தலைவர் தன்னுடைய ஆங்கில உரை ஒன்றை வாசித்தார். நடுவில் நிறுத்திவிட்டு மச்சான் பக்கம் சாய்ந்து தெலுங்கில் தாழ்ந்த குரலில் பேசினார். மெஷின்களைப் பொங்கல் கழிந்ததும் திருப்பி அனுப்பிவிடலாம், அதுவரை பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம், இதெல்லாம் கல்யாணமாகிப் போகிற பிள்ளைகள்தானே என்றார். மெஷின் போய்விட்டால் எங்களுக்குப் பரீட்சை இல்லை. கை சுருக்கெழுத்தும் படிக்கவில்லை. எட்டுப் பேரின் இரண்டு வருடப் படிப்பும் ஆற்றோடு போகும்.

ஜமீலாவின் விரல்கள் நிற்கவே இல்லை.

உரை முடிந்ததும் வாசிக்கச் சொன்னார்கள். நாடாவை எடுத்து ஆங்கிலத்தை வாசித்துக்கொண்டே வந்தாள். அப்படியே மூச்சுவிடாமல் தெலுங்குக்குப் போனாள். அனுப்பிவிடலாம், சொல்ல வேண்டாம், கல்யாணமாகிப் போகிற பிள்ளைகள், எல்லாம் சனிக்கிழமை டிரான்சிஸ்டரை வாசிக்கிற அதே குரலில். பிறகு மறுபடியும் ஆங்கிலம். பிரின்சிபாலுக்கு ஒன்றும் புரியவில்லை. செயலாளர் முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

"ஏனம்மணி, உனக்குத் தெலுங்கு வருமா?" என்று தலைவர் கேட்டார்.

"வராதுங்க. காதுல உழுந்ததை எழுதிப்போட்டேனுங்க. தப்புன்னா அழிச்சுப்போடறேனுங்க."

தலைவர் நாடாவை வாங்கி மடித்து மேஜைமேல் வைத்தார். அழிக்க வேண்டாம் என்றார். இந்தப் பிள்ளைகள் பரீட்சை எழுதி முடிக்கிறவரை மெஷின்கள் இங்கேயே இருக்கட்டும் என்று பிரின்சிபாலிடம் தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். எங்களோடு அந்தப் பாடம் நின்றுபோனது. ஆனால் எட்டுப் பேரும் பாஸ் செய்தோம், எட்டுப் பேரும் வேலைக்குப் போனோம். அன்று திரும்பும்போது பஸ்ஸில் அவள் வாசித்ததற்கு நான்தான் பொருள் சொன்னேன். "அப்படியா சொன்னாங்க?" என்று கண்ணை அகல விரித்துக் கேட்டுக்கொண்டாள்.

போன வாரம் தகவல் வந்த அன்று, போத்தனூரில் உடலை எடுக்கும் வேளைக்குப் போய்ச் சேர்ந்தேன். எல்லாம் முடிந்து பெண்கள் உள்ளே உட்கார்ந்திருந்தபோது, துக்கம் தாங்காமல் இந்தக் கதையை அவள் தங்கையிடம் சொன்னேன். தெலுங்கு தெரியாமலே எழுதி எங்களைக் காப்பாற்றினாள் என்றேன். தங்கை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"அக்காளுக்கா தெலுங்கு தெரியாது? எங்கத்தா தையக்கடைக்கு வந்தவங்க முக்காவாசிப் பேரு தெலுங்குக்காரங்கதானுங்கக்கா. சின்னதுலருந்து அளவெழுதினதே அக்காதான். தெலுங்கு அவங்களுக்குத் தண்ணி பட்டபாடு."

கள்ளி. கண்ணை விரித்த அழகென்ன, நான் பொருள் சொன்ன லட்சணமென்ன! அந்தத் துக்க வீட்டிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலாளியின் முகத்துக்கு நேரே அவர் வார்த்தையை வாசித்துவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் நிற்க எத்தனை துணிச்சல் வேண்டும். அவளை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது.

அந்தச் சிரிப்பு பஸ் ஏறும்வரைதான் இருந்தது. எங்கள் வீட்டுக்கு அவள் முதன்முதலாக வந்த நாள் நினைவுக்கு வந்தது. அம்மா அவள் முகத்துக்கு நேராகவே தெலுங்கில் என்னிடம் சொன்னாள்: நம்முடைய டம்ளரில் கொடுக்காதே, அந்தக் கண்ணாடி டம்ளரில் கொடு, அதைத் தனியாக வை. நானும் அப்படியே செய்தேன். ஜமீலா சிரித்தபடி வாங்கிக் குடித்தாள். கழுவித் தனியாகக் கவிழ்த்தாள்.

அதற்குப் பிறகும் வந்தாள். அம்மா படுக்கையில் விழுந்தபோது வாரம் தவறாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தெலுங்கில் புலம்பியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் எட்டுப் பேருக்காக ஒரு நாள் வாய்விட்டு வாசித்தவள், எங்கள் வீட்டில் தன்னைப் பற்றிக் காதில் விழுந்ததை மட்டும் கடைசிவரை யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

அம்மா போய்ப் பல வருடங்களாகின்றன. அந்தக் கண்ணாடி டம்ளர் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு வாரமாக நான் அதில்தான் காபி குடிக்கிறேன்.