பென்சில் முனையளவு வடகிழக்கே

காலை பதினொன்றரைக்கு, பக்கத்துப் படகுக்காரன் சிக்பியோர்ன் வந்தான். அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. எப்போதும் பூட்ஸோடு உள்ளே வந்து என்னிடம் திட்டு வாங்குகிறவன், அன்று அதைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றான்.

"படகு ஸ்வார்ட்ஃப்ளூ பாறை மேல நிக்குது, தோர்பியோர்க். ஹால்தோர் அதுல இல்ல."

இருட்டுவதற்குள் என் கணவனின் உடலைக் கண்டெடுத்தார்கள்.

ஹால்தோர் துணிச்சல்காரன் இல்லை. அலமாரிக் கதவு திறந்து கிடந்தால்கூட எழுந்துபோய்ச் சாத்துவான். இந்தத் தீவுகளைச் சுற்றியே வலை போட்டான். காற்று கொஞ்சம் மாறினாலும் திரும்பிவிடுவான்.

படகுகளுக்கு, இருக்கும் இடத்தைச் சொல்லும் செயற்கைக்கோள் பெட்டி வந்தபோது, அது சொன்ன எண்கள் எங்கள் கடல் வரைபடத்தோடு பொருந்தவில்லை. வரைபடம் பூமியைப் பழைய கணக்கில் அளந்தது. செயற்கைக்கோளுக்கு வேறு கணக்கு. இடத்தைச் சற்று வடகிழக்கே நகர்த்திக் குறிக்கும்படி வரைபடத்தின் ஓரத்தில் அச்சிட்டிருந்தது. மற்றவர்கள் மறந்துபோவார்கள். ஹால்தோர் 'வடகிழக்கு' என்று ஒரு டேப்பில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டினான். படகுத்துறையில் யாரைப் பார்த்தாலும் "நகத்துனியா?" என்பான். 'வடகிழக்கு' என்பதே அவனுக்குப் பட்டப்பெயரும் ஆயிற்று.

போன வசந்தத்தில் புது வரைபடம் வந்தது. எல்லாவற்றையும் செயற்கைக்கோள் கணக்கிலேயே வரைந்துவிட்டார்கள். இனி நகர்த்த வேண்டாம் என்று ஓரத்தில் இருந்ததை, எங்கள் சாப்பாட்டு மேசையில் ஹால்தோர்தான் உரக்கப் படித்தான்.

"அடப்பாவி, வடகிழக்கு! இனிமே உன்ன என்னன்னு கூப்பிடுறது?" என்றான் சிக்பியோர்ன்.

"கூப்பிடவே வேணாம்டா. காபியக் குடிச்சிட்டுக் கிளம்பு."

அக்டோபரில் மூடுபனி இறங்கிய காலையில் ஹால்தோர் தனியாகப் போனான்.

படகிலிருந்து வரைபடத்தை எடுத்து வந்து கொடுத்தார்கள். கடைசிப் பென்சில் புள்ளி படகுப்பாதையின் நடுவில், பத்திரமான ஆழத்தில் இருக்கிறது. சிக்பியோர்ன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். புள்ளியிலிருந்து துளி தென்மேற்கே, பாறையின் மேல் விரலை வைத்தான்.

"நகத்தியிருக்கான்."

சரியாக இருந்ததைத் திருத்தியிருக்கிறான். மறதிக்காரனாக இருந்திருந்தால் பிழைத்திருப்பான். இதை யாரிடம் சொல்லி அழுவது? வரைந்தவர்கள்மேல் தப்பில்லை. அவன் வாசித்தான், புரிந்துகொண்டான். கைதான் பழையதைச் செய்துவிட்டது.

பெட்டியும் வீட்டுக்கு வந்துவிட்டது. புது வரைபடம் வந்த அன்றே படகில் டேப்பை உரிக்க உட்கார்ந்துவிட்டுத் திரும்பினான். "பசை விடமாட்டேங்குது, நாளைக்குக் கத்தி கொண்டுபோறேன்" என்றான்.

டேப்பில் ஒரு மூலை மட்டும் உரிந்திருக்கிறது.