சம்மாட்டி கேட்ட ஊசி

எனக்கு மன்னிக்கத் தெரியாது. பூசைக்குப் போவேன், பாவசங்கீர்த்தனம் செய்வேன், சாமியார் கொடுக்கும் செபங்களையும் ஒழுங்காகச் சொல்லி முடிப்பேன். சம்மாட்டி விஷயத்தை மட்டும் அவரிடம் நான் வாய் திறந்து சொன்னதே இல்லை.

சம்மாட்டி எனக்கு மாமா முறை. சங்கு குளிக்கும் வள்ளங்களும் அதில் போகும் ஆட்களும் அவர் கையில் இருந்தன. என் தம்பி அவரிடம்தான் முதன்முதலாக முங்கப் போனான். புதிதாக முங்குகிறவனுக்குக் காதுக்குள் ஆணி அறைந்ததுபோல் வலிக்கும். சில நாள் கரையில் இருக்கவிட்டிருந்தால் போதும். ஆனால் சங்கு சீசனில் ஓர் ஆள் குறைவது சம்மாட்டிக்குப் பொறுக்காது. சர்க்கார் லைசென்ஸ் கடையில் விற்கும் அபினை மிளகளவு உருட்டி அவன் நாக்கில் வைத்து, கசப்பைப் பார்க்காமல் முழுங்கச் சொல்லியிருக்கிறார். வலி தெரியாமல் தம்பி அன்றே மறுபடி இறங்கினான்.

காது ஆறிய பிறகும் உருண்டை நிற்கவில்லை. மிளகளவு பட்டாணியளவு ஆனது. அடுத்த சீசனில் அவன் எதற்கும் லாயக்கில்லாமல், ஒட்டிய வயிறும் ஒழுகும் மூக்குமாக அபின் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டான். சம்மாட்டி வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார்.

நான் அப்போது துறைமுகத்துப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். யுத்தகாலம், மருந்துக்கெல்லாம் தட்டுப்பாடு. ஒரு நாள் நாலு பேர் ஒரு பலகையில் வைத்து சம்மாட்டியைத் தூக்கி வந்தார்கள். வள்ளத்தில் பாய் கட்டும் மரம் சரிந்து விழுந்து தொடை எலும்பு முறிந்திருந்தது. அவர் போட்ட கூப்பாடு வெளி வராந்தா வரை கேட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

டாக்டர் மார்பியா போடச் சொன்னார். அதுவும் அபினிலிருந்து எடுப்பதுதான். அது இருந்த அலமாரியின் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. எலும்பு முறிந்தவனைத் துடிக்கவிடக் கூடாது, மூச்சையும் கண்ணையும் பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு ஊசியும் போட வேண்டும், வலி இறங்க இறங்க மருந்தும் இறங்க வேண்டும், கேட்கிறார் என்பதற்காகப் போடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். ஊசியைக் கொஞ்சம் ஆற அமரக் கொதிக்க வைக்கலாமா என்று யோசித்தேன். டாக்டர் நகருகிற வழியாக இல்லை. போட்டேன்.

காலைக் கட்டி, எடை தொங்கவிட்டு, சில நாளில் வலி அடங்கிவிட்டது. ஊசியைக் குறைத்து ஆஸ்பிரினுக்கு வந்தாயிற்று. அப்போதுதான் அவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஏளா, அந்த ஊசியில ஒண்ணு போட்டுரு. ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

"எங்கன நோவுது, காட்டுங்க."

அவர் காலைக் காட்டவில்லை. உடம்பு பூராவும் என்றார். ஒன்று போட்டால் நாளை இன்னொன்று கேட்பார். கேட்கக் கேட்கக் கொடுத்தால் போதும், கால் தேறி வீட்டுக்குப் போகும்போது அபின் கடைக்கு இன்னொரு ஆள் தயார். கை சாவிவரை போனது.

போடவில்லை. இரக்கம் ஒன்றுமில்லை. மயங்கிக் கிடக்கிறவனுக்கு எதுவும் உறைக்காது. சம்மாட்டி தெளிந்த புத்தியோடு எனக்கு வேண்டும். ஆஸ்பிரின் கொடுத்தேன், காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த மணல் பையைச் சரிசெய்தேன், சூடாகக் காப்பி கொடுத்தேன். கொட்டாவி விட்டார், உறக்கமில்லாமல் புரண்டார், என் ஆத்தாளையும் சேர்த்து ஏசினார். சில நாளில் கேட்பது நின்றது. முகத்தில் களை வந்தது, கஞ்சியை ரசித்துக் குடித்தார்.

அதன் பிறகு டாக்டரிடம் போய் என் தம்பியைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினேன். படிப்படியாகக் குறைத்து நிறுத்திப் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார். எந்தக் கட்டில் என்று கேட்டார். சம்மாட்டிக்கு அடுத்த கட்டில் காலியாக இருந்தது.

குறைக்கத் தொடங்கியதும் தம்பி நடுங்கினான், வாந்தி எடுத்தான், கட்டில் கம்பியைக் கடித்தான். என்னிடம் அவன் எதுவும் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"மாமா, ஒரே ஒரு உருண்ட தாங்க மாமா. காது வலிக்கி."

சம்மாட்டி எழுந்து போகப் பார்த்தார். எடை தொங்கும் கால் விடவில்லை. திரும்பிப் படுக்கவும் முடியவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. பார்க்க எனக்கு இனித்தது.

நான் போய் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினேன்.

"பொத்தாதீங்க மாமா. கேளுங்க."

தம்பி கேட்டு ஓயும் வரை அந்தக் கைகளை நான் விடவில்லை.