பூலாம்பாடிக்குப் போய்ச் சேராத பேட்டரி

உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, பங்குனி மாதம். காலை ஐந்து மணி நாற்பது நிமிடத்துக்குத் திருச்சியிலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன். பின் இருக்கையில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் மரத்தூள், மரத்தூளுக்குள் ஐஸ், ஐஸுக்குள் நான்கு குப்பி தடுப்பூசி மருந்து. பெரம்பலூருக்கு அப்பால் இருபது மைலில் பூலாம்பாடி. அங்கே மாடுகளுக்கு வெக்கை நோய் கண்டுவிட்டது என்று ஊர் மணியக்காரர் எழுதியிருந்தார். ஏழு மாடுகள் இறந்துவிட்டன, மற்றவற்றையாவது காப்பாற்ற வேண்டும் என்பது கடிதம். நான் அப்போது திருச்சியில் கால்நடை டாக்டர்.

மருந்துக்கு ஒரு குணம் உண்டு. ஐஸ் உருகிச் சூடு ஏறினால் அது வெறும் தண்ணீர். நண்பகலுக்குள் நான் பூலாம்பாடி சேர்ந்தாக வேண்டும். மொத்தம் ஐம்பத்து நான்கு மைல். ஒன்பது மணிக்குப் போய்விடலாம் என்று கணக்கிட்டிருந்தேன். அந்த நம்பிக்கைக்குக் காரணம், நான்கு நாளுக்கு முன் வாங்கிப் பொருத்திய புதுப் பேட்டரி.

இதைப் படிக்கிறவர்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டாதவர்களே அதிகம் இருப்பார்கள். ஆகவே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில வண்டிகளில் மாக்னெட்டோ என்ற கருவி இருக்கும். அவற்றில் பேட்டரி செத்தாலும் எஞ்சின் ஓடும். என் வண்டி அந்த ஜாதியில்லை. பேட்டரி கொடுக்கும் மின்சாரத்தில்தான் பொறி விழும். பேட்டரி போனால் வண்டி இரும்புச் சுமை.

பழைய பேட்டரி தளர்ந்துபோனதால், கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த கடையில் இதை வாங்கினேன். விலை முப்பத்திரண்டு ரூபாய். பட்டாளத்துக்கு வந்த சரக்கு, பெட்டியே பிரிக்கவில்லை என்றார் கடைக்காரர். கறுப்புப் பளபளப்பில் என் முகம் தெரிந்தது. நானும் அதைத்தான் பார்த்தேன், வேறு எதையும் பார்க்கவில்லை.

கொள்ளிடப் பாலத்தைத் தாண்டும்வரை எல்லாம் சரியாக இருந்தது. பாடாலூருக்கு வந்தபோது மணி ஆறு ஐம்பது. ஆட்டு மந்தை ஒன்று சாலையைக் கடந்தது. ஹாரனை அழுத்தினேன், சளி பிடித்தவன் இருமியதுபோல ஒரு சத்தம். வேகத்தைக் குறைத்ததும் எஞ்சின் நின்றுவிட்டது. எத்தனை உதை உதைத்தும் எழவில்லை. செட்டிகுளம் மலைக் கோயிலுக்குக் காவடியோடு போய்க்கொண்டிருந்த இரண்டு பேர், காவடிகளை ஒரு வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு வண்டியைத் தள்ளிவிட்டார்கள். நூறு கஜம் ஓடிய பின் கிளம்பியது. நன்றி சொல்லக்கூட நிற்க முடியவில்லை. நின்றால் மறுபடி தள்ள வேண்டும்.

எட்டு இருபதுக்குப் பெரம்பலூர். பஸ் நிற்கும் இடத்தில் ஒரு டிரைவர் பேட்டரியில் ஒயரை உரசிப் பார்த்தார். மூன்று அறையில் ஒன்று செத்திருக்கிறது, இதை நம்பிப் போகாதீர்கள் என்றார். பூலாம்பாடிக்கு அரும்பாவூர் வழியாகப் போகும், கரிப்புகையில் ஓடும் பஸ் ஏழு மணிக்கே போய்விட்டது. அடுத்தது பிற்பகல் மூன்றுக்கு. பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், இன்னும் சில்லென்றிருந்தது. தள்ளிவிடச் சொல்லி, அதே வண்டியில் புறப்பட்டேன். இந்த விஷயத்தில் நான் செய்த தவறுகளில் இது இரண்டாவது.

எசனையைத் தாண்டினேன். பதினோராவது மைல் கல்லுக்கு அருகில் எஞ்சின் இரண்டு முறை விக்கி நின்றது. மணி ஒன்பதரை. ஆள் அரவம் இல்லாத சாலை. தனியாளாகத் தள்ளி ஓடினேன். ஏறி உட்காருவதற்குள் நின்றது. ஆறாவது முறைக்குப் பின் வண்டியை ஒரு புளியமரத்தில் சாய்த்துவிட்டு, அந்தப் பளபளப்பான பெட்டியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கேட்க ஒரு காக்கை கூட இல்லை.

பத்தேகாலுக்கு எதிரில் ஒரு மாட்டு வண்டி வந்தது. பச்சைமலைப் புளி ஏற்றி டவுனுக்குப் போய்க்கொண்டிருந்தவர், பெயர் ராமசாமி. புளியை இங்கேயே இறக்கி வைத்துவிட்டு என்னைப் பூலாம்பாடிக்குக் கொண்டுபோய் விட முடியுமா, என்ன கேட்டாலும் தருகிறேன் என்றேன். அவர் மாடுகளின் கழுத்தைத் தடவியபடி நின்றார்.

"நீங்களே மாட்டு டாக்டருங்க. அந்த ஊருக்கு என் மாட்டை ஓட்டிட்டுப் போகச் சொல்றீங்களே, நியாயமாங்க?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் சொன்னதுதான் நான் ஊர் ஊராகச் சொல்லும் பாடம். நோய் கண்ட ஊருக்குள் மாட்டைக் கொண்டு போகாதே. அதை மறக்கும் அளவுக்கு அந்தப் பேட்டரி என்னைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. வண்டியைக் கிருஷ்ணாபுரத்தில் தம்முடைய வீட்டில் போட்டுக்கொள்வதாக அவரே சொன்னார். பாரத்தோடு வண்டியைத் திருப்பி, மோட்டார் சைக்கிளைப் பின்னால் கட்டி இழுத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார். நான் தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

மீதி ஒன்பது மைல். அரும்பாவூர் வரும்போதே பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சட்டை நனைந்தது. முதலில் குளிர்ந்த தண்ணீர். போகப் போக வெதுவெதுப்பு. அதற்கப்புறம் சொட்டுவதும் நின்றுவிட்டது.

பிற்பகல் இரண்டு பத்துக்குப் பூலாம்பாடி சேர்ந்தேன். மந்தைவெளியில் ஊரே மாடுகளோடு காத்திருந்தது. பெட்டியைத் திறந்து குப்பிகளைக் கையில் எடுத்தேன். எத்தனையோ காய்ச்சல்களைக் கை வைத்தே அறிந்து பழகிய எனக்கு வெப்பமானி தேவைப்படவில்லை. மருந்து கெட்டுவிட்டது என்று எல்லோர் முன்னும் சொன்னேன்.

மணியக்காரர் என்னைத் தனியே அழைத்துப் போனார். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாதவர். "வந்தது வந்துட்டீங்க. சும்மாவாச்சும் ஊசியைப் போட்டுடுங்க. சனங்களுக்கு ஒரு தைரியம் வரும்" என்றார்.

ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. ஒன்பது மைல் நடந்த களைப்பு, அத்தனை பேர் முகம். ஆனால் ஊசி போட்டாயிற்று என்று நம்பினால், அடுத்த நாளே நோய் கண்டதும் நல்லதுமாக எல்லா மாடுகளுக்கும் ஒரே குட்டையில் தண்ணீர் காட்டுவார்கள். செத்த சரக்கைப் புதிது என்று விற்ற கடைக்காரருக்கும் எனக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்? மாட்டேன் என்றேன். அவர் முகம் சுருங்கியது. கூட்டத்தில் சிலர் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள்.

ஒரு பெண் மட்டும் போகவில்லை. செல்லம்மாள், நாற்பது வயதிருக்கும். கணவர் இல்லை. ஒரு ஜோடி உழவு மாடும் ஒரு பசுவும் வைத்து நான்கு ஏக்கர் புன்செய்யில் கடலை போடுகிறவர். உழவு மாடுகள் இரண்டையும் பார்த்தேன். காய்ச்சல் இல்லை, கண் தெளிவாக இருந்தது, அசை போட்டுக்கொண்டு நின்றன.

"இன்னைக்கு நல்லா இருக்குங்கய்யா. நாளன்னிக்கும் இப்படியே இருக்குமா?" என்று கேட்டார்.

நாளை மறுநாள் காலை மருந்தோடு வருகிறேன் என்றேன். அவர் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்தது. நோய் கண்டவற்றைப் பிரித்து ஏரிக்கரைக்கு அந்தப்புறம் கட்டச் செய்துவிட்டு, மணியக்காரர் வீட்டில் படுத்தேன்.

மறுநாள் காலை ஆறு மணி பஸ். கிருஷ்ணாபுரத்தில் நான்கு பேர் சேர்ந்து என் மோட்டார் சைக்கிளைப் பஸ் கூரையில் ஏற்றினார்கள். பெரம்பலூரில் இறங்கியதும் சென்னைக்குத் தந்தி. திருச்சியில் மருந்து கையிருப்பு இல்லை. சென்னையிலிருந்து ரயிலில் அனுப்பினால் அரியலூரில் அதிகாலையில் இறக்கிக்கொள்ளலாம். பெரம்பலூரிலிருந்து அரியலூர் இருபது மைல். கடலை மூட்டை லாரி ஒன்றில் வண்டியையும் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். கூலி இரண்டு ரூபாய். பேரளி வரை டிரைவர் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

அரியலூர் ரயிலடிக்கு அருகில் காதர் பாய் ஒரு கடை வைத்திருந்தார். பட்டாளத்தில் கம்பியில்லாத் தந்திப் பிரிவில் வேலை பார்த்துத் திரும்பியவர். சுற்றுவட்டாரத்து ரேடியோ பேட்டரிகளெல்லாம் அவர் கடையில்தான் சார்ஜ் ஏறும். என் பேட்டரியைக் கையில் வாங்கியதுமே, "எவ்வளவுக்கு ஏமாந்தீங்க டாக்டர்?" என்றார்.

எப்படித் தெரியும் என்றேன். அவர் மேலே பூசியிருந்த தாரைச் சூடான கத்தியால் சுரண்டி, நடு அறையை இடுக்கியால் வெளியே இழுத்தார். ஈயத் தட்டுகள் வளைந்து, வெள்ளை பூத்து, தொட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தன. தட்டுகளுக்கு நடுவே வைக்கும் மரச் சில்லுகள் கரிந்து இரண்டு இடங்களில் ஓட்டை. அடியில் ஒரு அங்குலம் சேறு. எங்கோ பல ஆண்டு உழைத்துச் செத்த பேட்டரி. புதுத் தார் ஊற்றிக் கறுப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஈய முனையில் இருந்த தேதி முத்திரையை அரத்தால் ராவியிருந்த தடம் வெயிலில் நன்றாகத் தெரிந்தது. தவறிப்போய் விற்றது என்று இதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ராவிய தடத்தைப் பார்த்த பிறகு அதற்கு வழியில்லை. உதிர்ந்த தட்டுகளைப் பொறுக்கி எடுத்து வைத்துக்கொண்டேன்.

எனக்குப் புதுப் பேட்டரி வேண்டும், இருப்பதிலேயே நல்லது, விலை பற்றிக் கவலையில்லை என்றேன். பாய் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று சென்னையிலிருந்து வந்த பளபளப்பான பெட்டி. மற்றொன்று கீறல் விழுந்து மங்கியது, அவரே தட்டு மாற்றிக் கட்டியது. நான் முதலாவதைக் கேட்டேன்.

"சோதிக்காம குடுக்கமாட்டேன். நீங்களே பாருங்க" என்றார்.

ரப்பர்க் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயால் ஒவ்வொரு அறையிலிருந்தும் திராவகத்தை உறிஞ்சிக் காட்டினார். குழாய்க்குள் சின்ன மிதவை. திராவகத்தில் சத்து இருந்தால் மிதவை உயரும். மூன்று அறையிலும் ஒரே உயரம் நிற்க வேண்டும். ஒன்று தாழ்ந்தாலும் அந்தப் பேட்டரியைத் தொடக்கூடாது. பளபளப்பானதில் மூன்றாவது அறையில் மிதவை எழவே இல்லை. பிறகு இரண்டிலும் மோட்டார் சைக்கிள் விளக்கு ஒன்றை மாட்டி எரியவிட்டார். பளபளப்பானது பத்து நிமிடத்தில் மஞ்சளாகிவிட்டது. மங்கியது அரை மணிக்கு அப்புறமும் கண்ணைக் கூசியது.

நானும் இதை ஏமாந்துதான் வாங்கினேன், விற்க மனசு வரவில்லை, வருகிறவர்களுக்குக் காட்ட வைத்திருக்கிறேன் என்றார் பாய். நான் பதினெட்டு ரூபாய் கொடுத்து மங்கியதை வாங்கிக்கொண்டேன். வண்டியின் டைனமோ பேட்டரிக்கு மின்சாரத்தைச் சரியாக ஊட்டுகிறதா என்றும் பார்த்து, பேட்டரிக்கு அடியில் ரப்பர் துண்டு வைத்து, ஆடாமல் இறுகக் கட்டிக் கொடுத்தார். பேட்டரி சாவது பாதி ஆட்டத்தினால்தான் என்றார். அதற்குத் தனியாக எதுவும் வாங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை ஆறேகாலுக்கு ரயில் வந்தது. ஆறு நாற்பதுக்குக் கிளம்பி, பெரம்பலூரில் நிற்காமல், எட்டு இருபத்தைந்துக்குப் பூலாம்பாடி சேர்ந்தேன். நாற்பது மைல். ஹாரன் ஊரையே கூட்டியது. ஐஸ் பாதிகூடக் கரையவில்லை. உச்சிப்பொழுதுக்குள் ஊரில் மிச்சமிருந்த மாடுகளுக்கெல்லாம் ஊசி போட்டு முடித்தேன். பிறகு வந்த செய்திகளின்படி, அவற்றில் பெரும்பாலானவை பிழைத்துக்கொண்டன.

செல்லம்மாள் பசுவை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தார். உழவு மாடுகள் இரண்டும் முந்தின நாள் பிற்பகலே தீவனத்தை ஒதுக்கிவிட்டன என்றார். போய்ப் பார்த்தேன். கண்ணில் நீர், மூக்கில் சளி, வாய்க்குள் புண். அதற்கு மேல் ஊசியால் ஆகக்கூடியது எதுவும் இல்லை. நான் முதல் நாளே மருந்தோடு வந்திருந்தாலும், நோய் அதற்குள் உடம்பில் இறங்கியிருந்தால் அவை பிழைத்திருக்காது. இது உண்மை. இதை எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். கோபம் குறையவில்லை. பிழைத்திருக்கவும் கூடும் என்பதும் அதே அளவு உண்மை.

நான்காம் நாள் திருச்சி. அந்தத் தட்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டு நேரே சந்துக் கடைக்குப் போனேன். மேசைமேல் கொட்டினேன். கடைக்காரர் பதறவில்லை. சண்டைக்காலச் சரக்கு அப்படித்தான் இருக்கும், வேறு ஒன்று தருகிறேன் என்றார். மிதவைக் குழாய் வைத்துச் சோதித்துக் கொடுங்கள் என்றேன். அதெல்லாம் இங்கே கிடையாதாம்.

"ஒரு பேட்டரிக்கா சார் இவ்வளவு கோவம்?"

ஒரு ஜோடி மாடு சாகக் கிடக்கிறது என்றேன். மாட்டுக்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் சிரித்தார். கடையில் இன்னும் இரண்டு பேர் சரக்கு வாங்க நின்றிருந்தார்கள். அவர்கள் பக்கம் திரும்பி, ஐந்து நாற்பதுக்குப் புறப்பட்டதிலிருந்து ஒன்று விடாமல் சொன்னேன். என் குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும். அவர்கள் வாங்காமல் போனார்கள். அடுத்த நாள் வேறு இரண்டு பேர் வாங்கியிருப்பார்கள். காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்தேன். ரசீது இருக்கிறதா என்று கேட்டார்கள். ரசீது வாங்கவில்லை, அதுதான் என் முதல் தவறு.

ஆனி மழைக்குப் பிறகு மறுபடி பூலாம்பாடிக்குப் போனேன். செல்லம்மாள், தம் மாடுகள் இரண்டும் இறந்துபோனதால், யாருடைய மாடுகளையோ இரவல் வாங்கி, இரண்டு ஏக்கரில் கடலை விதைத்திருந்தார். அதற்குள் மாட்டுக்காரருக்கே உழவு வேலை வந்துவிட, மாடுகளைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார். மற்ற இரண்டு ஏக்கரில் ஈரம் காய்ந்து மண் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் களைக்கொத்தியைக் கீழே வைத்துவிட்டு வரப்புக்கு வந்தார்.

"வழியில வண்டி நிக்கலியேங்கய்யா?" என்றார்.

நிற்கவில்லை என்றேன். நல்லதுங்க என்று சொல்லிவிட்டு, முளைத்த பாதியில் களை பறிக்கப் போனார்.