அத்திமரத்து வௌவால்கள்

அம்மாவுக்கு மூட்டுக்காய்ச்சல் வந்த வருஷம் எனக்கு எட்டு வயது. விரலை மடக்க முடியாமல், தலை சீவிக்கொள்ளவும் முடியாமல், அம்மா குப்பனூரில் மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். மாரமங்கலம் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த அப்பா காலையில் போனால் இருட்டும்போதுதான் வருவார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் பேச ஆளில்லை.

அப்போதுதான் சென்னையிலிருந்து ஒரு அக்கா வந்து, எங்கள் குவார்ட்டர்ஸில் பக்கத்து அறையில் தங்கினார். ஓடையோரத்து அத்திமரத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்கிய பழந்தின்னி வௌவால்களைப் பொழுது சாய்கையில் வலை கட்டிப் பிடிப்பார். கையுறை போட்டுக்கொண்டு, இறக்கை நரம்பில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துவிட்டுப் பறக்கவிடுவார். நான் பத்தடி தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்திருப்பேன். கிட்டே வரக் கூடாது என்று சொல்லியிருந்தார். கேள்வி கேட்கத் தடையில்லை.

"எங்கம்மாவுக்குக் காச்சல் வந்தது இதுனாலதானுங்களா?"

"தெரியலைமா. காய்ச்சல் கொசுவாலதான் வருது. கொசு குறைஞ்ச மாசத்துல அந்தக் கிருமி எங்க போய் இருக்குன்னு தேடுறோம். வௌவால் உடம்புல இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

எனக்கு "இருக்கலாம்" என்பது வரைக்கும் போதுமானதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்த சித்தப்பா, "ஏங்கண்ணு, அந்தப் புள்ள எதுக்கு வௌவாலைப் புடிக்குது?" என்று கேட்டார். பெரிய மனுஷி போலச் சொன்னேன்: "அம்மாவுக்குக் காச்சல் வௌவாலுகிட்ட இருந்துதானுங்க வந்துச்சு. அக்காவே சொன்னாங்க."

அதுவரை என் பேச்சை யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. சித்தப்பா டீக்கடைக்குக் கூட்டிப்போய் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். ஊரில் வீட்டுக்கு ஒருவர் கால் வீங்கிக் கிடந்த சமயம் அது.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அத்திமரத்தடியில் ஊர்க்காரர்கள் மூட்டிய ஈரத்தழைப் புகை. கிளைகளில் சரவெடி. வௌவால்கள் பட்டப்பகலில் எழுந்து கண்டபடி சுற்றின. சில ஓடையில் விழுந்தன. அக்கா ஒவ்வொருவரிடமும் ஓடி, "வேண்டாங்க, ரத்தத்தை இன்னும் பரிசோதிக்கவே இல்லை" என்று கெஞ்சினார்.

"ரைட்டர் புள்ளகிட்ட நீங்கதானுங்களே சொன்னீங்க?" என்றார் ஒருவர், மரியாதையாகத்தான்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார்.

அடுத்த இரண்டு நாளும் வலை கட்டினார். ஒன்றும் வரவில்லை. சனிக்கிழமை பெட்டிகளோடு கிளம்பினார். வாசலில் மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்த டிரம்முக்குள் எட்டிப் பார்த்தவர், "அப்பாகிட்ட சொல்லி இந்தத் தண்ணியைக் கொட்டிடச் சொல்லுமா" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

வௌவால்தான் போய்விட்டதே, அக்காவுக்கு இனி இங்கே என்ன வேலை, அம்மாவும் வந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா வர மேலும் நான்கு மாதம் ஆயிற்று.

தண்ணீரைக் கொட்டச் சொல்லி அப்பாவிடம் நான் சொல்லவில்லை. அதில் நூல் நூலாக நெளிந்தவை கொசுப்புழுக்கள் என்று தெரியாது. மீன்குஞ்சுகள் என்று நினைத்திருந்தேன். அக்கா போனபின் எனக்குத் துணை அவைதான். தினமும் என் தட்டிலிருந்து நாலு பருக்கை சோறு எடுத்துப் போட்டு வளர்த்தேன்.